இரண்டு பிரிவு, ஒரு முன்தேர்வு, ஒரு பின்தேர்வு: ஸ்டெம் கற்பித்தலில் முனைவர் ஆய்வுக்கு இது போதுமா?

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் நீங்கள், பணியில் இருந்தபடியே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய விரும்புவதாகவும், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பாடங்களில் செயல்வழிக் கற்பித்தல் மாணவரின் ஈடுபாட்டையும் அடைவையும் உயர்த்துகிறதா என்று ஆராயப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 'அ' பிரிவுக்குப் புதிய முறை, 'ஆ' பிரிவுக்கு வழக்கமான முறை, இருவருக்கும் முன்தேர்வு, பின்தேர்வு, கடைசியில் இரு பிரிவுகளின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் முறையான ஒரு டி-சோதனை. வழிகாட்டி இந்த வடிவத்தையே சொல்கிறார், இது போதுமா என்பது உங்கள் கேள்வி. பட்டம் கிடைத்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்னவோ, அதற்கு இந்த வடிவத்திலிருந்து விடை வராது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, 'புதிய முறை வழக்கமான முறையைவிடச் சிறந்ததா' என்ற கேள்விக்கு ஏற்கெனவே ஏராளமான விடைகள் இருக்கின்றன. 1998-இல் ரிச்சர்ட் ஹேக் 62 இயற்பியல் வகுப்புகளில் 6,542 மாணவர்களின் தரவுகளைத் தொகுத்து, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரி முன்னேற்றம் (முன்தேர்வில் பெறாமல் விட்ட மதிப்பெண்ணில் பின்தேர்வில் பெற்ற பங்கு) 0.23 என்றும், மாணவர் பேசிப் பங்கேற்ற வகுப்புகளில் 0.48 என்றும் காட்டினார். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும் செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. 2020-இல் எலி தியோபால்டு குழுவினர், சமூகத்தில் பின்தள்ளப்பட்ட மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணில் இருக்கும் இடைவெளி இத்தகைய வகுப்புகளில் சராசரியாக 33 விழுக்காடு குறைவதைக் கண்டனர். இவை எல்லாம் கல்லூரி மாணவர்களைப் பற்றியவை, பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை என்று நீங்கள் சொல்வீர்கள், அது சரிதான். ஆனாலும், திசை எது என்பதில் பெரிய ஐயம் இல்லாத ஒரு விஷயத்தில், தண்டையார்பேட்டையிலும் அப்படித்தான் என்று மறுபடி ஒருமுறை காட்டுவது ஐந்தாறு ஆண்டு உழைப்புக்கு ஈடான கண்டுபிடிப்பாகாது. எந்தச் செயல், எந்தப் பாடப்பகுதியில், எந்த மாணவரை, எப்படிச் சிந்திக்க வைக்கிறது என்பதே இன்னும் திறந்து கிடக்கும் கேள்வி. வகுப்புக்குள் தினமும் நிற்கும் ஆசிரியரால்தான் அதை நெருங்க முடியும்.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 'அ', 'ஆ' இரண்டிலும் நாற்பது நாற்பது பேர், ஆக எண்பது மாணவர் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே சேட்டைக்காரர்களோடு படிக்கும் நாற்பது பேரும் தனித்தனி அளவீடுகள் அல்லர். அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். அந்த ஒப்புமை (0 என்றால் சற்றும் இல்லை, 1 என்றால் முழுமை) 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு வகுப்பின் 40-இல் ஒன்று குறைத்து வரும் 39-ஐ 0.2-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்ட 8.8 வரும், 80-ஐ அதனால் வகுத்தால், உங்கள் கையில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 9 தனி மாணவர்களுக்குச் சமமான தகவல். டி-சோதனையோ எண்பது பேர் என்று நம்பி விடை சொல்லும். அதைவிட அடிப்படையான குறை, ஒரு முறைக்கு ஒரு வகுப்பு என்று வைத்தால், வித்தியாசம் முறையால் வந்ததா வகுப்பால் வந்ததா என்று பிரிக்கவே வழியில்லை என்பது. நம் பள்ளிகளில் பிரிவு பிரிப்பது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 'அ' ஆங்கில வழி, 'ஆ' தமிழ் வழி. அல்லது முந்தைய ஆண்டு மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரித்தது. இல்லையென்றால் மொழிப்பாடத்தை வைத்துப் பிரித்தது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இதில் பெரிய மாற்றம் கிடையாது. தமிழ் வழிப் பிரிவைக் கட்டுப்பாட்டுக் குழுவாக வைத்துவிட்டுக் கற்பித்தல் முறையின் விளைவு என்று எழுதும் ஆய்வேடு, பெரும்பாலும் பயிற்றுமொழியையும் வீட்டுப் பின்னணியையும் அளந்துகொண்டிருக்கிறது.

அளவுகோலையும் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் தாமே பாடம் நடத்தி, தாமே வினாத்தாள் எடுத்து, தாமே திருத்தினால், விளைவு பெரிதாகத்தான் தெரியும். ஆலன் சியுங்கும் ராபர்ட் ஸ்லாவினும் 2016-இல் பல நூறு ஆய்வுகளை ஒப்பிட்டபோது, ஆய்வாளரே தயாரித்த தேர்வுகளில் கிடைத்த விளைவு, பொதுத் தேர்வுகளில் கிடைத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மேத்யூ கிராஃப்ட் 2020-இல் முன்வைத்த அளவுகோலின்படி, கல்வித் தலையீடுகளில் திட்டவிலக்கத்தை அலகாகக் கொண்டு அளந்த விளைவு 0.20-க்கு மேற்பட்டாலே பெரிது. இங்கே நான் படிக்கும் ஆய்வேடுகளில் 1.5, 2 என்றெல்லாம் சாதாரணமாக எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, மாணவர் அவ்வளவு முன்னேறினார்கள் என்று மகிழ்வதைவிட, வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவே தோன்றுகிறது.

இனி ஈடுபாடு. உங்கள் முன்மொழிவில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அது என்ன என்ற வரையறை எங்குமே இல்லை. 2004-இல் ஜெனிஃபர் ஃபிரெட்ரிக்ஸ், ஃபிலிஸ் புளூமன்ஃபெல்டு, அலிசன் பாரிஸ் ஆகியோர் எழுதிய மதிப்பாய்வு இதை மூன்றாகப் பிரித்தது: நடத்தையில் தெரியும் ஈடுபாடு, உணர்வில் இருக்கும் ஈடுபாடு, சிந்தனையில் நிகழும் ஈடுபாடு. நம் வகுப்பறையில் இந்த மூன்றும் எவ்வளவு எளிதாகப் பிரிந்து நிற்கும் என்பதற்கு அயல்நாட்டு உதாரணமே வேண்டாம். ஆசிரியர், "மிதப்பு விசை, இடம்பெயர்ந்த திரவத்தின் எடைக்குச்..." என்று நிறுத்துகிறார், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "சமம்!" என்கிறது. நாற்பது பேரும் விழித்திருக்கிறார்கள், நிமிர்ந்திருக்கிறார்கள், உரக்கச் சொல்கிறார்கள், பலர் மகிழ்ச்சியாகவும் இருக்கிறார்கள். பார்வையிட வரும் அதிகாரி மிக ஈடுபாடான வகுப்பு என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார். அந்த நாற்பதில் எத்தனை பேர் எடை என்றும் அடர்த்தி என்றும் பிரித்து யோசித்தார்கள் என்பதை அந்தக் கோரஸ் நமக்குச் சொல்வதே இல்லை.

மிச்செலின் சியும் ரூத் வைலியும் 2014-இல் விளக்கிய நான்கு படிநிலைகள் இங்கே உதவும்: கேட்டுக்கொண்டிருத்தல், அடிக்கோடிடுதல் அல்லது திருப்பிச் சொல்லுதல் போல ஏதோ செய்தல், கொடுத்ததைத் தாண்டித் தாமாக ஒன்றை உருவாக்குதல், இன்னொருவரோடு வாதித்து உருவாக்குதல். கோரஸ் பதில் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறது. குழுவாக உட்கார்ந்து கைடு புத்தகத்தைப் பார்த்துச் சார்ட் எழுதுவதும் அங்கேயே நிற்கிறது, எவ்வளவு வண்ணம் தீட்டினாலும்.

வினாநிரலை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. 'எனக்கு அறிவியல் வகுப்பு பிடிக்கும்' என்ற வரிக்கு எதிரே பதினான்கு வயதுப் பிள்ளை, தனக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும் ஆசிரியையின் கண்முன்னே எதை வட்டமிடும் என்று நினைக்கிறீர்கள்? மாணவரின் உணர்வு கற்றலைச் சரியாகக் காட்டும் என்பதற்கும் உறுதி இல்லை. ஹார்வர்டில் அறிமுக இயற்பியல் மாணவர்களை வைத்து லூயி டெலோரியே குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். யோசிப்பது கடினம், அந்தக் கடினத்தை மாணவர் தம் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார். நன்றாக விளக்கும் ஆசிரியரின் வகுப்பில் எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றுவதன் மறுபக்கம் இது. வினாநிரல் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆங்கிலத்திலிருந்து மாற்றிய வாக்கியங்களை ஏழெட்டு மாணவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்று கேட்டறிந்த பிறகே பயன்படுத்துங்கள். வினாநிரலின் நம்பகத்தன்மைக்குக் கணக்கிடும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.8 வந்துவிட்டது என்பது வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே காட்டும். சரியானதைத்தான் அளக்கின்றன என்பதற்கு அது சான்றல்ல.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பேச்சைப் பாருங்கள். வகுப்பறைப் பேச்சைப் பத்து வகையாகப் பிரிக்கும் ஃபிளாண்டர்ஸின் வகைப்பாடு பி.எட். படித்த எல்லோருக்கும் தெரியும். மூன்று நொடிக்கு ஒருமுறை குறிக்கும் அந்த முறையைத் தேர்வுக்குப் படித்ததோடு விட்டுவிட்டோம். 2013-இல் வந்த கோபஸ் என்ற கருவி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார் என்பதை 25 குறியீடுகளில் பதிகிறது. சிறிது பயிற்சி பெற்ற சக ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து இதைச் செய்துவிடலாம். இவை இரண்டையும்விட எளிதானதும், என் கருத்தில் இங்கே மிக மதிப்புள்ளதும், மேரி பட் ரோ 1974-இல் எழுதிய காத்திருப்பு நேரம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அவர் ஒலிப்பதிவுகளிலிருந்து கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுவோர் கூடினர், ஆசிரியர்கள் குறைவாக எடைபோட்டு வைத்திருந்த மாணவர்களும் பேசினர். நம் பதிவேடுகளில் 'மெல்லக் கற்போர்' என்று பெயரிடப்பட்டுத் தனிப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் எத்தனை நொடி கொடுக்கிறோம் என்று ஒரு கைப்பேசிப் பதிவும் பொறுமையும் இருந்தால் அளந்துவிடலாம். அடைவுத் தேர்வு எதுவும் தராத தகவல் இது.

தலைப்பைச் சுருக்குங்கள். 'ஸ்டெம்' என்பதில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கும் அடங்கும். ஒரு முனைவர் ஆய்வுக்கு அதில் ஒரு பாடத்தின் ஓர் அலகு போதும். ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' அலகை நான் பரிந்துரைப்பேன். காரணம் இரண்டு. மிதத்தலைப் பற்றி மாணவரிடம் இருக்கும் தவறான கருத்துகள் உலகெங்கும் ஆராயப்பட்டவை: கனமானது மூழ்கும், இலேசானது மிதக்கும், நீர் ஆழமாக இருந்தால் நன்றாக மிதக்கும். உங்கள் ஊர் இன்னொரு காரணம். மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளைகள், ஐஸும் டீசலும் ஏற்றியதும் விசைப்படகு எவ்வளவு அமிழும், மீன் நிறையத் திரும்பும்போது எவ்வளவு அமிழும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். வாடையும் கச்சானும் எப்போது வீசும் என்று வீட்டில் பேசிக் கேட்டவர்கள். மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவதும், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதும் பாடநூலில் படித்த செய்தி அல்ல. எண்ணெய் ஏன் நீரின் மேலே நின்றது, சாம்பல் ஏன் அடியில் தங்கியது என்பது இதே அலகின் கேள்விதான்.

லூயிஸ் மோலும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் குடும்பங்களிடம் இருக்கும் அறிவுச் சேமிப்பைப் பற்றி எழுதியபோது சொன்னது இந்த வகை அறிவைத்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: பவர்பாயிண்டில் காசிமேட்டுப் படகின் படத்தைப் போட்டுவிட்டு உள்ளூர்ச் சூழலோடு இணைத்தோம் என்று எழுதுவது அலங்காரம். மோலின் குழுவில் ஆசிரியர்களே வீடுகளுக்குப் போய்க் கேட்டறிந்தார்கள். நீங்களும் இரண்டு மூன்று குடும்பங்களிடம், வலை பழுது பார்க்கும் நேரத்தில் போய், படகில் சுமையை எப்படிப் பரப்பி வைப்பார்கள், ஏன் என்று கேட்டுவிட்டு வாருங்கள். எல்லாப் பிள்ளையும் மீனவக் குடும்பமல்ல என்பதையும் மறக்க வேண்டாம்; வியாசர்பாடிப் பையனுக்குக் கடல் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கும் இடம், அவனுடைய இயற்பியல் கேரம் பலகையில் இருக்கலாம்.

வகுப்பில் செய்ய வேண்டியது எளிது. ரிச்சர்ட் வைட்டும் ரிச்சர்ட் கன்ஸ்டோனும் 1992-இல் விளக்கிய முறைப்படி, முதலில் ஒவ்வொருவரும் என்ன நடக்கும் என்று தனியே எழுத வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். பார்த்ததுக்கும் எழுதியதுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க வேண்டும். ஒரு வாளி, மூடி இல்லாத பிளாஸ்டிக் டப்பா, கூழாங்கல், இரண்டு பாக்கெட் உப்பு. டேவிட் ட்ரெகஸ்ட் 1988-இல் வடிவமைத்த ஈரடுக்கு வினாவை வைத்துச் சோதியுங்கள். உதாரணமாக: 'ஒரே சுமையோடு ஒரு படகு ஆற்றிலிருந்து கடலுக்குள் நுழைகிறது. அது அமிழும் ஆழம் கூடுமா, குறையுமா, மாறாதா?' இது முதல் அடுக்கு. இரண்டாம் அடுக்கில் காரணம்: கடல் ஆழமானது என்பதாலா, கடல்நீரின் அடர்த்தி அதிகம் என்பதாலா, படகின் எடை மாறவில்லை என்பதாலா? 'குறையும்' என்று சரியாகச் சொல்லிவிட்டு 'கடல் ஆழமானது' என்று காரணம் தேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் உங்கள் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் ஒன்று காத்திருக்கிறது. ஒற்றை மதிப்பெண் வினாவில் அவர்கள் எல்லாம் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதை மேல்நாட்டுப் புதுமை என்று யாராவது உங்கள் டி.சி. (முனைவர் ஆய்வுக் குழு) மீட்டிங்கில் சொன்னால், 1790-களில் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் அதை முறையாக நடத்தி, இங்கிலாந்து திரும்பி 1797-இல் அறிக்கை வெளியிட்டு, அங்கே அது 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது என்பதை நினைவூட்டலாம். அங்கே மூத்த பிள்ளை இளையதுக்குப் பாடம் ஒப்பித்தது, வாதம் இல்லை. அந்த வேறுபாடும் சொல்லத் தக்கது.

ஆய்வு வடிவம் என்று வந்தால், 1992-இல் ஆன் பிரவுனும் ஆலன் காலின்ஸும் தொடங்கிவைத்த வடிவமைப்புவழி ஆய்வு உங்கள் நிலைக்குப் பொருந்தும். பாடத்தை வடிவமைத்து நடத்தி, பதிவு செய்து, எங்கே எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று கண்டு, திருத்தி, அடுத்த ஆண்டு மறுபடி நடத்துவது. முதல் சுற்று உங்கள் வகுப்பில். இரண்டாம் சுற்றில் தண்டையார்பேட்டை, இராயபுரம் மண்டலங்களில் வேறு இரண்டு மூன்று பள்ளிகளின் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்திட்டம் அவர்கள் கையில் எப்படி உருமாறுகிறது என்பதும் தரவுதான். சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003-இல், ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டை முறையைப் பின்பற்றித் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் கொண்டுசெல்லப்பட்ட செயல்வழிக் கற்றலைக் கண்டவர்களுக்குத் தெரியும், கற்றல் படிகளைக் காட்டும் ஏணியும் அட்டையும் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றாகவே வந்தன, வகுப்பறைகள் ஒன்றாக ஆகவில்லை. காலம் குறிக்கும்போது ஜூலை முதல் அக்டோபர் வரைக்குள் களப்பணியை முடியுங்கள். நவம்பர், டிசம்பரில் மழை விடுமுறை வரும். கொருக்குப்பேட்டையில் தண்ணீர் வடிவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தது நல்லது. பத்தாம் வகுப்பில் ஸ்பெஷல் கிளாஸுக்கும் ஸ்லிப் டெஸ்டுக்கும் நடுவே எந்தத் தலைமையாசிரியரும் இதற்கு இடம் தர மாட்டார்.

தேர்வையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதற்கு ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் நல்ல சான்று. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கி 2002 வரை நடந்த அந்தத் திட்டத்தில், பிள்ளைகள் சோதனை செய்து கற்றதோடு, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருந்தன. நீங்கள் புக் பேக் வினாக்களை வைத்துப் பின்தேர்வு நடத்தினால், வாதித்துக் கற்ற பிள்ளையும் மனப்பாடம் செய்த பிள்ளையும் ஒரே மதிப்பெண்ணில் நிற்பார்கள்.

ஒப்புதல் விஷயத்தில் குறுக்குவழி வேண்டாம். உங்கள் மாணவர்கள் உங்களிடம் மறுப்புச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார்கள். எனவே ஒப்புதலை வேறொரு ஆசிரியர் வாங்கட்டும், யார் மறுத்தார்கள் என்பது ஆண்டு முடியும்வரை உங்களுக்குத் தெரிய வேண்டாம். பாடம் எல்லோருக்கும் நடக்கும். மறுத்தவரின் பதிவுகள் மட்டும் ஆய்வில் சேராது. மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்ட ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள், பெற்றோர் ஒப்புதலோடு 12 வயதுக்கு மேற்பட்ட சிறாரின் எழுத்துவழி இசைவையும் கேட்கின்றன. கல்வி ஆய்விலும் அதையே பின்பற்றலாம். நிர்வாகத்தின் அனுமதியும், மற்ற பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர் அல்லது மாநகராட்சிக் கல்வித் துறையின் அனுமதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட், மொத்தக் காலம் மூன்று முதல் ஆறு ஆண்டு. மறுபதிவால் மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கும், பெண்களுக்கு அதற்குமேல் இரண்டு ஆண்டுச் சலுகை உண்டு. பகுதிநேரத்துக்கு உங்கள் நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று தேவை. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் சென்னையிலேயே இருப்பதால் அதுவே உங்களுக்கு வசதி. அறிவியல் கல்வி ஆய்வு எந்தத் தரத்தில் நடக்கிறது என்று அறிய, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வேடுகளைப் படியுங்கள். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் உங்கள் தலைப்பைத் தேடிப் பாருங்கள். சொற்களை இடம் மாற்றிய அதே தலைப்பு எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்தாலே நான் ஏன் இவ்வளவு எழுதினேன் என்பது விளங்கும்.

உங்கள் வழிகாட்டி சோதனைமுறை ஒப்பீடு இல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால், அவரோடு மோத வேண்டாம். அதை இரண்டாம் சுற்றின் ஓர் அத்தியாயமாக வையுங்கள்: நான்கு பள்ளிகளில் எட்டுப் பிரிவுகள், பயிற்றுமொழி ஒத்த பிரிவுகளுக்குள்ளேயே குலுக்கல், வேறொருவர் தயாரித்த வினாத்தாள், பெயர் மறைத்துத் திருத்துதல், ஆறு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாத ஒரு மறுதேர்வு, வகுப்பை அலகாகக் கொண்ட பகுப்பாய்வு. வழக்கமான முறையில் படித்த பிரிவுகளுக்கு மறுதேர்வு முடிந்ததும் அதே பாடத்தை நடத்திவிடுங்கள். தலைப்பில் 'விளைவு' என்ற சொல் அவருக்காக இருக்கட்டும். அதன் கீழே சிறிய எழுத்தில் 'ஒன்பதாம் வகுப்பில் மிதத்தல் பற்றிய மாணவர் வாதங்கள்' என்று சேர்க்க அனுமதி கேளுங்கள்.